ஆளாவது எப்போது?

சென்ற மாதம் ஒரு நாள் முற்பகலில், தியாகராய நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் என் முறை வருவதற்காகக் காத்திருந்தபோது கண்ட இரண்டு காட்சிகள், அன்றாட வாழ்க்கையில் எவரும் நின்று கவனிக்காத சாதாரணக் காட்சிகளே ஆயினும், இன்று வரை என் மனத்தை விட்டு அகலாமல், நம் வீடுகளில் வளர்ந்துவரும் ஒரு குறையைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசியே ஆக வேண்டும் என்று என்னைத் தூண்டிக்கொண்டிருக்கின்றன.

அறுபதைத் தாண்டிய தகப்பனார் ஒருவர், இருபத்தாறு இருபத்தேழு வயது மதிக்கத்தக்க மகனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, மகனுடைய கணக்குக்குரிய கே.ஒய்.சி. படிவத்தைத் தாமே மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து சரிசெய்து நிரப்பிக்கொண்டிருந்தார். மகனின் கழுத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கியது. படிவத்தை வாங்கிப் பார்த்த பெண் அலுவலர், ஆண்டு வருமானம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டி மகனிடம் கேட்டார். மகன் தகப்பனாரைப் பார்த்தான். தகப்பனார் பதில் சொன்னார். "அவருடைய கணக்குதானே சார், அவரே சொல்லட்டுமே" என்றார் அலுவலர். "அவனுக்கு இதெல்லாம் பழக்கமில்லை மேடம். படிப்பு, வேலை, இந்த ரெண்டைத் தவிர வேற எதையும் நாங்க அவன் தலையில வெச்சதே இல்லை" என்றார் தகப்பனார். அந்தச் சொற்களில் வாஞ்சை இருந்தது. செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்து முடித்துவிட்டோம் என்ற பெருமிதமும் இருந்தது.

அதே வேளையில், பணம் கட்டும் வரிசையில், பக்கத்துக் கடை ஒன்றின் சீருடைப் புடவை அணிந்த பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வயதுக்கு மேல் இராது. சுவரோரப் பலகையில் நூலால் கட்டி வைத்திருந்த பேனாவைக் கொண்டு தன் சலானை எழுதி முடித்துவிட்டு, கைப்பைக்குள் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த நோட்டுகளை இரண்டு முறை எண்ணினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பூக்காரப் பாட்டி, தமக்குப் பணம் எடுக்க வேண்டும், சீட்டை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவள் எழுதினாள். எழுதிய பின் அப்படியே நீட்டிவிடவில்லை. "பாட்டி, ரெண்டாயிரம்னு எழுதியிருக்கேன். நீங்க சொன்னது அதுதானே?" என்று வாசித்துக் காட்டிவிட்டு, "கைநாட்டா, கையெழுத்தா?" என்று கேட்டாள். "கையெழுத்துதான் கண்ணு, மெதுவாத்தான் போடுவேன்" என்றார் பாட்டி. தாள் நகராதபடி இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பெண் காத்திருந்தாள். பணத்தைக் கட்டிய பின் வாசற்படியில் நின்று அவள் கைப்பேசியில் சொன்னது என் காதில் விழுந்தது: "தம்பி ஃபீஸுக்குப் போட்டுட்டேன்மா. ரசீதை அவனை வாங்கி வெக்கச் சொல்லு."

சட்டத்தின் கண்ணுக்கு இவ்விருவரும் சமமானவர்கள். இருவருக்கும் வாக்குரிமை உண்டு, சொத்துரிமை உண்டு, நீதிமன்றத்தில் தம் பெயரிலேயே வழக்காடும் தகுதி உண்டு. ஆனால் அன்று அந்த வங்கியில் இருந்த எவரையேனும் அழைத்து, இவ்விருவரில் பிராயம் வந்தவர் யார் என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல ஒரு நொடிகூடத் தயங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே, வயது நிறைவதும் பெரியவர் ஆவதும் ஒன்றுதானா, அன்றி இரண்டுக்கும் இடையே நாம் ஒவ்வொருவரும் நடந்தே கடக்க வேண்டிய தூரம் ஒன்று இருக்கிறதா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மேஜராகும் வயதை நிர்ணயித்த 1875-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், 18 வயது நிறைந்தவரைப் பிராயம் அடைந்தவர் என்று வகுத்தது. நீதிமன்றம் கார்டியன் நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் அந்த எல்லை 21 ஆக இருந்து, 1999-இல் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. வாக்களிக்கும் வயதோ, அரசியல் சாசனத்தின் 61-ஆவது திருத்தத்தால் 1989-இல்தான் 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும்; குடியரசுத் தலைவராக 35 ஆக வேண்டும்; திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஒரே மனிதனுக்கு இத்தனை எல்லைக் கற்களை நட்டிருப்பதிலிருந்தே, எந்த ஒரு பிறந்த நாளின் நள்ளிரவிலும் மனிதனுக்குள் விவேகம் திடீரென்று பிரவேசித்துவிடுவதில்லை என்பதைச் சட்டம் இயற்றியவர்களும் உணர்ந்தே இருந்தார்கள் என்பது விளங்கும்.

எனினும் சட்டத்துக்குள் ஓர் ஆழ்ந்த கருத்து மறைந்திருக்கிறது. கல்கத்தாவில் பிராயம் நிரம்பாத ஓர் இளைஞர் தம் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய வழக்கில், மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் லண்டன் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. இன்று வரை மைனரின் ஒப்பந்தம் பற்றிய இந்தியச் சட்டம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. இதைச் சிறுவர்களைக் காப்பதற்கான ஏற்பாடு என்று மட்டுமே நாம் கருதுகிறோம், அது மெய்யே. ஆனால் மறுபுறமாகத் திருப்பிப் பார்த்தால், மைனரின் வாக்குக்குச் சட்டம் மதிப்பே கொடுப்பதில்லை என்பதும் தெரியும். மேஜராவதால் நமக்குக் கிடைக்கும் மகத்தான உரிமை, வண்டி ஓட்டுவதோ வாக்களிப்பதோ மட்டுமன்று. "நீ சொன்னாய், ஆகவே நீ செய்ய வேண்டும்" என்று உலகம் நம்மைப் பிடித்து நிறுத்திக் கேட்கும் அந்தக் கௌரவமே ஆகும். தன் சொல்லால் தான் கட்டுப்படும் தகுதியே பிராயத்தின் முதல் லட்சணம்.

இந்த விஷயத்தில் நம் பாஷை சட்டத்தைக் காட்டிலும் நுட்பமானது. பெண் பூப்பெய்தினால் ஆளானாள் என்கிறோம். அது உடம்பு தானாகச் செய்யும் காரியம். ஆனால் "அந்த மனுஷர்தான் என்னை ஆளாக்கினார்" என்று ஒருவர் கண் கலங்கிச் சொல்லும்போது அதே சொல் வேறொரு உயரத்துக்குப் போய்விடுகிறது. ஆள் என்ற சொல்லுக்கு வினையாக ஒரு பொருளும் பெயராக ஒரு பொருளும் உண்டு. வினையாகக் கொண்டால் ஆட்சி செய்வது. பெயராகக் கொண்டால் மனிதன், அதிலும் பிறருக்காகப் பணி செய்யும் மனிதன். வேலைக்கு ஆள் என்பதும் அடியவரை இறைவன் ஆட்கொண்டான் என்பதும் இந்தப் பொருளில் வருபவையே. ஆள்பவனையும் தொண்டு செய்பவனையும் ஒரே அசையில் வைத்த நம் முன்னோர், அதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, ஆளாவது என்பதன் முழு இலக்கணத்தையும் அந்த ஓரசையில் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்: தன்னைத் தான் ஆள்வது ஒன்று, பிறருக்கு ஆளாக நிற்பது மற்றொன்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மனிதன் முழுமையாக ஆளாகவில்லை.

இந்த இரண்டுக்கும் நிதரிசனம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடையாற்றின் இரு கரைகளிலுமே அவை இருக்கின்றன.

1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஜிட்டு நாராயணய்யா என்பவர், தாயை இழந்த தம் பிள்ளைகளோடு மதனப்பள்ளியிலிருந்து அடையாறு பிரம்ம ஞான சபைக்கு வந்து சேர்ந்தார். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய பிள்ளைகளில் ஒருவனை, மெலிந்த உடம்பும் மந்தமானவன் என்ற பெயரும் கொண்ட கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனை, சபையின் பிரமுகர்களுள் ஒருவரான லெட்பீட்டர் கண்டு, உலகத்துக்கு வரப்போகும் ஆசானுக்குரிய பாத்திரம் இவனே என்று அறிவித்தார். 1910-இல் தகப்பனாரின் சம்மதத்தோடு கிருஷ்ணமூர்த்தியும் தம்பி நித்யானந்தாவும் சபைத் தலைவரான அன்னி பெசண்ட் அம்மையாரின் பராமரிப்பில் விடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கிழக்கின் நட்சத்திர சங்கம் தோன்றியது. பதினாறு வயதுகூட நிறையாத பிள்ளை அதன் தலைவனானான். சகோதரர் இருவரும் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

தகப்பனார் மனம் மாறினார். 1912-இல் தம் புதல்வர்களைத் திருப்பித் தரும்படி வழக்குத் தொடுத்தார். நாராயணய்யாவின் தரப்பில் சி.பி. ராமசாமி ஐயர் வாதாடினார். அம்மையாரோ வழக்கறிஞர் எவரையும் அமர்த்தாமல் தம் கட்சியைத் தாமே எடுத்துரைத்தார். 1913-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பேக்வெல் தகப்பனாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல் முறையீட்டிலும் அம்மையார் தோற்றார். இறுதியில் 1914-இல் பிரிவி கௌன்சில் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. பிள்ளைகளின் நலனையும் எதிர்காலத்தையும் பற்றிய வழக்கில், பிள்ளைகளின் தரப்பு நீதிமன்றத்தின் முன் முறையாக வைக்கப்படவே இல்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது.

இந்த வழக்கை நினைக்கும்தோறும் எனக்கு வியப்புண்டாவது இந்த ஓர் அம்சத்தில்தான். பெற்ற அன்புக்கும் வளர்த்த அன்புக்கும் அங்கே குறைவில்லை. சட்ட ஞானத்துக்கும் குறைவில்லை. நடுவழக்கில் கிருஷ்ணமூர்த்திக்குப் பதினெட்டு வயதும் நிறைந்துவிட்டது. ஆயினும், இத்தனை பெரியவர்கள் கூடி இத்தனை நாள் வாதாடிய ஒரு விஷயத்தில், உன் விருப்பம் என்ன என்று அந்தப் பிள்ளையைக் கேட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்கு ஏழு கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

வழக்கு முடிந்த பிறகும் அவர் ஆளாகிவிடவில்லை. பதினைந்து ஆண்டுகள் பிறர் தோளிலேயே சென்றார். பல்லாயிரம் பேர் அவரை ஆசானாக வரித்துக் காத்திருந்தார்கள். ஹாலந்து தேசத்தில் ஒரு பிரபு தம் மாளிகையையும் அதைச் சூழ்ந்த பெருநிலத்தையும் அவருடைய பணிக்கென்று கொடுத்தார். 1925 நவம்பரில், அவர் இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, கலிபோர்னியாவில் விட்டு வந்த தம்பி நித்யா இறந்துவிட்டான் என்ற செய்தி வந்தது. தம்பி பிழைப்பான், உலகப் பணிக்கு அவன் அவசியம் என்று உறுதி கூறியிருந்த பெரியவர்களின் வாக்குகள் எல்லாம் அன்று பொய்யாயின. அவரைச் சுமந்த தோள்கள் முதன்முதலாக ஆட்டங்கண்டது அந்தத் துக்கத்தில்தான்.

1929-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்னும் இடத்தில், அன்னி பெசண்ட் அம்மையாரும் சுமார் 3,000 அன்பர்களும் கூடியிருந்த சபையில், முப்பத்து நான்கு வயதான கிருஷ்ணமூர்த்தி எழுந்து, தம் பெயரால் கட்டப்பட்ட அந்தச் சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டதாக அறிவித்தார். தம்மைப் பின்பற்றுவோர் தமக்கு வேண்டாம் என்றார். சங்கத்துக்கென்று வந்த மாளிகையும் நிலமும் கொடுத்தவருக்கே திரும்பின. அவருடைய தத்துவத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அபிப்பிராயம். நான் இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை. பிறர் தம் மீது ஏற்றி வைத்த பெருமையை, அது பிறர் ஏற்றியது என்று கண்டுகொண்டு, அதைத் தந்தவர்களின் முகத்தைப் பார்த்து நின்று திருப்பிக் கொடுத்ததும், அதனால் வரும் தனிமையைத் தாமே சுமக்க முன்வந்ததும் தன்னைத் தான் ஆள்வது ஆகும். அது மட்டுமன்று: தம்மை நம்பியிருந்தவர்களை என்றென்றும் குழந்தைகளாகவே வைத்திருக்க அவர் மறுத்தார். ஆளானவனின் மற்றோர் அடையாளம் அது. பிறரைச் சிறுவராகவே வைத்துக்கொண்டு அதில் தன் பெருமையைத் தேடுபவன், எத்தனை முதியவனாயினும், தானும் ஆளாகாதவனே.

மகனாகப் பாவித்து வளர்த்தவர் தம் வாழ்நாள் முயற்சியைக் கலைத்ததைக் கண் முன்னே கண்ட அம்மையாருக்கு அப்போது வயது 81. அவர் கிருஷ்ணமூர்த்தியைத் துறக்கவில்லை. 1933-இல் அடையாற்றில் கண் மூடும் வரை அந்த அன்பு குன்றவில்லை. வளர்த்த பிள்ளை தன் வழியே போகும்போது வழி விடுவதும் ஒரு பக்குவம். அதை எய்துவதற்குச் சிலருக்கு எண்பது ஆண்டுகளும் போதுவதில்லை. கிருஷ்ணமூர்த்தியும் அடையாற்றை மறக்கவில்லை. ஆற்றின் வடகரையில் கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விகாருக்குப் பல முறை வந்து பேசினார்; 1986 ஜனவரியில் அவர் நிகழ்த்திய இறுதிச் சொற்பொழிவும் அங்கேதான்.

இனி மயிலாப்பூருக்கு வருவோம். 1886-இல் அங்கே பிறந்த சுப்பலட்சுமி என்னும் பெண் குழந்தைக்கு, கிருஷ்ணமூர்த்திக்கு நேர்ந்ததற்கு நேர்மாறானது நேர்ந்தது. அவரைப் பிறர் பெரியவராக விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். இவரையோ, சிறுமியாக இருக்கும்போதே மனைவி என்றார்கள், சிறிது காலத்துக்குள் விதவை என்றார்கள். ஒரு முழு வாழ்க்கையின் பெயர்கள் எல்லாம், வாழ்க்கை தொடங்கு முன்னரே அந்தச் சிறுமியின் மேல் ஒட்டப்பட்டு, அத்தோடு எல்லாம் முடிந்தது என்றும் விதிக்கப்பட்டது. தந்தை சுப்பிரமணிய ஐயர் அந்த விதியை ஏற்கவில்லை. மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை ராஜதானியில் பட்டதாரியான முதல் இந்துப் பெண்மணி என்ற புகழை அவர் அடைந்தார்.

அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு தனி மனிதரின் வெற்றியாக முடிந்திருக்கும். அவர் நிற்கவில்லை. எழும்பூரில் தம் பெற்றோரின் வீட்டில், தம்மைப் போலவே சிறு வயதில் கணவனை இழந்த நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லத் தொடங்கினார். அந்த நால்வர் பலராகி, இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில், கைம்பெண்கள் படித்து ஆசிரியைகளாகத் தலை நிமிர்ந்து வெளிவரும் இல்லமாக அது வளர்ந்தது. இன்று தியாகராய நகரில் இயங்கும் சாரதா வித்யாலயமும் அவர் முயற்சியின் கிளையே. 1942-இல், பள்ளிப் பருவத்தைத் தாண்டிவிட்ட பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்ற பள்ளியையும் நிறுவினார். சகோதரி சுப்பலட்சுமி என்று ஊரார் அவரை அழைத்தார்கள். பிறர் ஒட்டிய மனைவி, விதவை என்ற பெயர்கள் உதிர்ந்து, தம் தொண்டினால் தாமே சம்பாதித்த சகோதரி என்ற பெயர் நிலைத்தது. பிறருக்கு ஆளாக நிற்பது என்று சொன்னேனே, அதன் உருவம் இது.

கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைத்த அதே 1929-ஆம் ஆண்டில்தான், பெண்ணுக்கு 14-உம் ஆணுக்கு 18-உம் குறைந்தபட்சத் திருமண வயது என்று விதித்த சாரதா சட்டமும் நிறைவேறியது. சட்டம் அடுத்த தலைமுறைச் சிறுமிகளுக்குச் செய்ய முனைந்ததை, சுப்பலட்சுமி அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, தம் வீட்டுக் கூடத்தில், நால்வருக்குச் செய்யத் தொடங்கிவிட்டார்.

இந்த இரண்டு வாழ்க்கைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் வீடுகளைப் பார்க்கும்போது எனக்குத் துயரமே உண்டாகிறது. "நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்ற வாக்கியம், நம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. மின்கட்டணம் எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரியாது. தாத்தாவுக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தெரியாது. வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் ஊர் எது என்று தெரியாது. பதினேழு வயதில் பயிற்சி மையத்தின் வாசலில் இறக்கி விடப்பட்டவன், இருபத்தேழு வயதில் வங்கிப் படிவத்தின் முன் தகப்பனாரின் முகத்தைப் பார்க்கிறான். நாற்பதாவது வயதில், கடல் கடந்த ஊரிலிருந்து, மயிலாப்பூரில் தனியாக இருக்கும் அதே தகப்பனாரின் வைத்தியத்தைப் பற்றி ஒரு முடிவெடுக்க நேரும்போது, எப்படி எடுப்பது என்று தெரியாமல் கலங்குகிறான். அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவன் கையில் நாம் எதையும் கொடுத்ததில்லை.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்த ஐதிகம் ஆண்டுதோறும் நடக்கிறது. அரவு தீண்டி ஏழு வயதில் மாண்ட மகளின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்து, மாலை சூட்டிக் காத்திருந்ததும், அந்தக் குடத்திலிருந்து அவள் பன்னிரண்டு வயதுக்குரிய வளர்ச்சியோடு எழுந்ததும் நாம் அறிந்த வரலாறு. வாழாத ஐந்து ஆண்டுகளின் வளர்ச்சியைக் குடத்துக்குள்ளேயே தந்தது திருவருள். நம் பிள்ளைகளையும் நாம் அவ்வாறே குடத்தில் இட்டு மாலை சூட்டிக் காக்கிறோம். ஆனால் அங்கே நடந்தது அற்புதம், நம் வீட்டில் அதை எதிர்பார்க்க நமக்கு உரிமை கிடையாது. மனிதர் வளர்வது குடத்துக்கு வெளியே, காற்றிலும் வெயிலிலும், தவறு செய்து திருத்திக்கொள்ளும் சந்தர்ப்பங்களில்தான்.

இதைச் சொல்வதால், பிள்ளைகள் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. தனி வீடு பிடித்துப் போவதுதான் பெரியவனானதற்கு அடையாளம் என்பது மேல்நாட்டுச் சம்பிரதாயம். நம்முடையது கூடி வாழும் சம்பிரதாயம், அதில் நான் யாதொரு குறையும் காணவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பதினைந்து வயதுப் பையன் ரேஷன் கடை வரிசையில் நின்றான்; அத்தை பிரசவத்துக்கு வண்டி பிடித்து வந்தான்; பாட்டியின் தர்ப்பணத்துக்கு எள் வாங்கி வந்தான். அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே அவன் ஆளானான். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று சொன்ன சமூகம் நம்முடையது. வளர்ந்த பிள்ளையிடம் குடும்பத்தின் கணக்கையும் கவலையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். கூரையை வைத்துக்கொண்டு அந்தப் பகிர்வை மட்டும் நாம் கைவிட்டுவிட்டோம்.

நம் இளைஞர்களிடம் சக்தி இல்லை என்றும் நான் ஒப்ப மாட்டேன். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, மார்பளவு தண்ணீரில் முதியவர்களைத் தூக்கி வந்தவர்கள் யார்? மின்சாரமும் தொலைபேசியும் அற்ற அந்த நாட்களில், சமூகக் கூடங்களில் இரவு பகலாக உணவுப் பொட்டலம் கட்டியவர்கள் யார்? அதற்கு முந்திய வாரம் வரை "அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது" என்று தாய்மார் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான். எவரும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கவில்லை. அவர்களைத் தடுக்க அந்த வாரம் ஒருவருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். வெள்ளம் வடிந்ததும் நாம் அவர்களை மறுபடியும் குடத்துக்குள் அழைத்துக்கொண்டோம்.

அந்தக் கடைப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நான் எழுதியது நியாயமாகாது. அவளைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பது உண்மை; ஆனால் அவளைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துபோவது பெரிய அநியாயம். தம்பி கல்லூரிக்குப் போக, அக்காள் கடைக்கு வந்திருக்கிறாள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் நாள் முழுவதும் நின்றபடியே நமக்குப் புடவையை விரித்துக் காட்டும் ஆயிரக்கணக்கானவர்களுள் அவள் ஒருத்தி. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது. அதுவரை, பண்டிகைக்குப் பண்டிகை அந்தக் கடைகளில் நாற்காலியில் அமர்ந்து புடவை பார்த்த நாம், எதிரே நிற்பவளின் கால்களை நினைத்ததில்லை. ஆகவே ஆளாகாமல் இருந்தது அந்த வங்கியில் அமர்ந்திருந்த இளைஞன் மட்டுமன்று, நாமும்தான். ஒரு பிள்ளை தன் பங்குக்கு மேல் சுமப்பதும், மற்றொரு பிள்ளை சுமையே அறியாமல் இருப்பதும் ஒரே சமூகத்தின் இரண்டு தவறுகள். இரண்டையும் திருத்த வேண்டியவர்கள் பெரியவர்கள் என்று பெயர் பெற்ற நாமே.

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிறிது. கையெழுத்திடும் முன் வாசியுங்கள். வீட்டின் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் ஒன்றையேனும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, எவரும் நினைவூட்டாமல் செய்யுங்கள். தவறு நேர்ந்தால், "என் தவறு" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொற்களைச் சொல்லத் தெரிந்த நாளே உங்களுக்குப் பிராயம் வந்த நாள். சொன்ன சொல்லை, சௌகரியம் கெட்டாலும், காப்பாற்றுங்கள்.

பெற்றோருக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதைவிடக் கடினமானது. ஏனெனில் அது அன்பைக் குறைக்கச் சொல்வது போலக் காதில் விழும். அப்படியன்று. அடுத்த முறை உங்கள் மகனோடோ மகளோடோ வங்கிக்குப் போக நேர்ந்தால், படிவத்தை அவர்கள் கையில் கொடுங்கள். ஒரு கட்டத்தில் தவறாக எழுதக்கூடும். அலுவலர் அடித்துத் திருப்பிக் கொடுக்கக்கூடும். இன்னொரு நாள் மீண்டும் வர நேரலாம். நேரட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். பேனாவை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள்.